பறவைக் கல்யாணத்துக்கு வீடு வீடாய் அழைத்தவனுக்கு

என் முன்னால் ஒரு தட்டு இருக்கிறது. தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் கட்டித் தயிர், தயிரின் நடுவே குழி பறித்து ஊற்றிய ஆளிவிதை எண்ணெய். பச்சைப் புல்லைக் கசக்கிப் பழைய மரக்கதவில் தேய்த்தால் வருமே, அந்த வாசனை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அது கொஞ்சமும் மாறவில்லை. முதல் தடவை இதை உன் முன்னால் வைத்தபோது நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வண்டிக்குப் போடுற மசைய ஊத்திக் குடுக்குறாங்கடா" என்று என் காதில் சொன்னாய். மாதம் திரும்புவதற்குள், ஊரிலிருந்து வந்த இட்லிப் பொடியை இதே எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவித் தின்றவனும் நீதான்.

தட்டை வைத்தவர் ஹங்கா. நீ "ஹங்கா அக்கா" என்று கூப்பிட்ட அதே ஹங்கா. கை நடுங்குகிறது, காது மந்தம், அதிகாரம் மட்டும் குறையவில்லை. "எழுதுவதெல்லாம் சாப்பிட்ட பிறகு" என்கிறார். நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். தாளில் எண்ணெய்க் கறை பட்டால் பொறுத்துக்கொள். நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, உன்னோடு பேசி எனக்குப் பழகிப்போய்விட்டது.

நீ போன சேதி உன் மகன் அனுப்பிய வாட்ஸப்பில்தான் வந்தது. உன் படம், கீழே இடமும் நேரமும், ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உன் மகனைக் குறை சொல்லவில்லை. நான் டோர்ட்மண்டில் மகள் வீட்டில் கிடக்கிறேன். அவன் நெய்வேலியிலிருந்து வந்து கதவைத் தட்டவா முடியும்? ஆனால் "கல்யாணத்துக்குத் தபாலு, சாவுக்குப் போஸ்டரு, ரெண்டும் எனக்கு ஆவாது" என்று ஆயுசு முழுக்கச் சொன்னவன் நீ. உன் சேதியே படமாக வந்து என் கைக்குள் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அழுகை அப்புறம் வந்தது. மார்கழிக் கடைசி, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். யாரும் பார்க்கவில்லை.

ஹங்காவுக்காவது நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உன்னை நெய்வேலிப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான், ஆனாலும் மகளுக்குப் பிடிக்கவில்லை.

"போன் பண்ணா போதாதாப்பா? ஜனவரி ஸ்னோல டிரெயின் மாறி மாறி, ஜெர்மனியோட அந்தக் கோடிக்குப் போகணும். உங்களுக்கு என்ன இருபது வயசா?"

"போன்ல சொல்ற சேதி இல்லம்மா இது."

"அப்ப வீடியோ கால்?"

நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் அவளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாய். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான் எனக்குத் துணைக்கு வந்தார். "அவர் சொல்லுறது சரிதானே பிள்ளை? செத்த வீட்டுச் சேதியை நேரில போய்ச் சொல்லுறதுதான் முறை. நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை. குளிர் உடுப்பை மட்டும் மறந்து போகாதேங்கோ" என்றார். மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலில் இந்தச் சிற்றூருக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். அப்போது இது கிழக்கு ஜெர்மனி. பழுப்பு நிலக்கரி வெட்டுவதைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து நம்மை அனுப்பியிருந்தார்கள். ஹாஸ்டலில் இருந்த நம் ஆட்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் சிதம்பரம். உன் ஊர்ப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டால் வெளியார் யாராவது, "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நீ பதில் சொல்ல மாட்டாய். அந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மாரியம்மன் கோயில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்புறம் ஊரே நாலா பக்கமும் சிதறியது. நீ படித்து முடித்து, அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். "சோறு வேணுமில்ல" என்பாய்.

இங்கே வந்தால் இங்கேயும் அதே கதை. லவுசிட்ஸ் என்கிற இந்தச் சமவெளியில் ஜெர்மானிய அரசுகள் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கிறவர்கள் சோர்பியர்கள். மொழி வேறு, உடை வேறு, பாட்டு வேறு. பாவம், அவர்கள் வயலுக்கு அடியில்தான் நிலக்கரி இருந்தது. நாம் பயிற்சிக்குப் போன இயந்திரம் ஒவ்வொரு கிராமமாகத் தின்றுகொண்டே வந்தது. நாம் அதன் பல்லையும் பெல்ட்டையும் படித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய பழைய வீட்டைப் பார்த்தோம். வாசலில் இரண்டு மொழியில் பலகை. "ரெண்டு பாஷையில போர்டு போட்டிருக்கான் பாரு, நம்மூரு ரயில்வே ஸ்டேஷனாட்டம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாய். யாரையும் கேட்கிற பழக்கம்தான் உனக்கு இல்லையே.

அதுதான் சோர்பியர்களின் சமூகக் கூடம். உள்ளே நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு பெண் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பள்ளி ஆசிரியை. மற்ற நேரத்தில் கூடத்தின் பொறுப்பாளர், தோட்டி, பாட்டு வாத்தியார் எல்லாம் அவரே. விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து நீட்டினார். அதுதான் ஹங்கா.

உன் கண் ரொட்டியில் இல்லை. கூடத்து நாற்காலிகளில் இருந்தது. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. முதுகு உயர்ந்தது, முதுகே இல்லாதது, பூ வரைந்தது, பால் கறக்க உட்காரும் முக்காலி வரைக்கும் இருந்தது. உன் ஓட்டை ஜெர்மனில் காரணம் கேட்டாய். ஹங்கா சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் அந்தக் கதையைத் தவணை முறையில் கேட்டோம்.

முதலில் அது ஆளிவிதை ஆட்டும் எண்ணெய்ச் செக்கு. செக்குக்காரன் விற்கிறான் என்றதும் சுற்றியுள்ள சோர்பியக் கிராமங்கள் சேர்ந்து அதை வாங்கின. ஓர் ஊர் உத்தரம் கொடுத்தது, ஓர் ஊர் செங்கல், இன்னோர் ஊர் குளிர்காயும் அடுப்புக்கு ஓடு. மாடியில் நூலகம், கீழே பாட்டும் நாடகமும். ஹிட்லர் காலத்தில் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெஞ்சுகளையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொந்த மொழியில் தண்ணீர் கேட்டதற்காக ஹங்காவின் அக்கா முட்டி போட்டு நின்றாளாம். போர் முடிந்து பூட்டைத் திறந்தபோது உள்ளே உட்கார ஒன்றுமே இல்லை. அப்போது வீட்டுக்கொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும்படி எல்லா ஊருக்கும் ஆள்விட்டுச் சொன்னார்கள். அப்படி வந்த நாற்காலிகள்தான் அவை. எது எந்த வீட்டுடையது என்று ஹங்காவுக்குத் தெரியும். "இந்த ஊர் இப்போது இல்லை. இதுவும் இல்லை. இது வருகிற கோடையில் போகும்" என்று நாற்காலி நாற்காலியாகத் தொட்டுக் காட்டினார். நீ உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய்.

"உட்காருங்கள். காலியாக இருந்தால்தான் எனக்குக் கஷ்டம்" என்றார் ஹங்கா.

கிளம்பும்போது நீ அவரிடம் சொன்னாய்: "என் ஊரும் குழி." உனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வழிக்கு ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார்.

இலையெல்லாம் கொட்டி முடிந்த சமயத்தில் கூடத்துக்குச் சிக்கல் வந்தது. கிராமங்களை இழந்த குடும்பங்களைப் பக்கத்து நகரத்தில் ஐந்து மாடிக் குடியிருப்புகளில் குடிவைத்திருந்தார்கள். அறுவடை விழாவுக்கு நகரசபையின் கலைப் பிரிவு அலுவலகம் நல்ல நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு மாடிப்படி வாசலிலும் ஒட்டியது. விழாவுக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்து பார்த்த அதிகாரி கெட்டவர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார், மக்களுக்கு இது தேவைப்படவில்லை என்று. ஜனவரியில் நடக்கும் பறவைக் கல்யாணத்துக்கும் கூட்டம் இல்லையென்றால் கூடத்தைச் சுரங்கத்தின் உதிரிபாகக் கிடங்குக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

நாம் போனபோது ஹங்கா அடுப்பு மூட்டாத கூடத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். "அவர் சொல்வது சரிதான். அங்கே வெந்நீர்க் குழாய் இருக்கிறது, டெலிவிஷன் இருக்கிறது. எங்களை மறந்துவிட்டார்கள்" என்றார். அவர் அழுது நாம் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நீ என் பக்கம் திரும்பித் தமிழில் வெடித்தாய். "மறக்கல, ஒண்ணும் மறக்கல. செவுத்துல நோட்டீசு ஒட்டுனா எவன்டா வருவான்? எங்க அக்கா கல்யாணத்துக்கு எங்க பெரிய மாமனுக்குத் தபால்ல பத்திரிக போச்சு. அந்தாளு அத்த எரவாணத்துல சொருவிட்டு ஆடு மேய்க்கப் போயிட்டாரு. எங்கப்பா தட்டுல வெத்தல பாக்கோட போய் நின்ன பொறவுதான் வேட்டிய மாத்துனாரு. இவுங்கள யாரு போய் நின்னு கூப்ட்டா? கேளு அந்த அக்காவ. முன்னாடியெல்லாம் எப்டிக் கூப்டுவாங்கன்னு கேளு."

கேட்டேன். ஹங்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பிராஷ்கா என்று ஒருவர் இருப்பார். பூ வைத்த தொப்பியும் ரிப்பன் கட்டிய கோலுமாக வீடு வீடாகப் போய்ச் செய்யுள் சொல்லிக் கல்யாணத்துக்கு அழைப்பார். அவர் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு யாரும் போவதில்லை. இந்த ஊர்க் கூடத்தின் பிராஷ்கா முந்தைய வருஷம் இறந்துவிட்டார். நோட்டீஸ்தான் வந்துவிட்டதே என்று அவர் இடத்துக்கு யாரையும் தேடவில்லை. இளவட்டங்களுக்கோ அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜெர்மானியர் இருக்கும் மாடிப்படியில் ஏற வெட்கம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் செய்த தப்பு அப்போதுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும்.

"நான் போறேன்னு சொல்லு. எனக்கு என்னா வெக்கம்? தொப்பி இல்லாமயே எல்லாரும் என்னத்தான பாக்குறாங்க" என்றாய்.

மொழிபெயர்த்தேன். ஹங்கா முதலில் விழித்தார். அப்புறம் சிரித்த சிரிப்பில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது.

பறவைக் கல்யாணம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விவரமாகச் சொன்னார். குளிர்காலத்தில் தீனி போட்டவர்களுக்கு நன்றியாகப் பறவைகள் ஜன்னலோரத் தட்டில் பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போகுமாம். அன்றைக்குப் பறவைகளுக்குக் கல்யாணம். அண்டங்காக்கை மாப்பிள்ளை. பிள்ளைகள் வேஷம் கட்டுவார்கள், பெரியவர்கள் ஆடுவார்கள். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு மறுநாள் கனுவன்று என் தங்கை காக்காய்க்கும் குருவிக்கும் கல்யாணம் என்று சொல்லிச் சோற்றுப் பிடி வைப்பதைச் சொன்னேன். "அப்படியானால் நீங்கள் மாப்பிள்ளை வீட்டார்" என்று ஹங்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு இல்லாத உரிமையா?"

அந்தச் செய்யுளை நீ மனப்பாடம் செய்த அழகு இருக்கிறதே! ஜெர்மனில் கடைக்குப் போய் முட்டை வாங்கத் தெரியாதவன், சோர்பிய மொழியில் ஒரு நீளச் செய்யுளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாய். நம் போர்மேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளியே நின்றார். நீ பிரார்த்தனை செய்கிறாய் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போனோம். நீ கறுப்புக் கோட்டும் பூத்தொப்பியும் ரிப்பன் கோலுமாக முன்னால். நான் பறவை வடிவத்தில் சுட்ட ரொட்டிக் கூடையோடு பின்னால். முதல் கதவைத் தட்டினாய். திறந்த இளம்பெண் தொப்பியைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. நீயோ மூடிய கதவைப் பார்த்துச் செய்யுளை ஆரம்பித்துவிட்டாய். இரண்டாவது அடி முடிவதற்குள் கதவு மறுபடி திறந்தது. அவளுடைய மாமனார். பனியனோடு, பாதி முகத்தில் சவர நுரையோடு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைத்து நின்று கேட்டார். உனக்கு அதைப் பார்த்ததும் கடைசி அடி மறந்துபோயிற்று.

விழித்தாய். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டாய். இரண்டு கையையும் கூப்பி, "கண்டிசனா குடும்பத்தோட வந்துரணும்" என்று தமிழில் முடித்துவிட்டாய்.

அவர் அது என்ன என்று கேட்டார். "என் கிராமத்து வார்த்தை" என்றாய். உங்கள் கிராமம் எங்கே இருக்கிறது என்றார். "இல்லை. நிலக்கரி" என்றாய். அவர் நுரையைத் துடைக்காமலே உள்ளே போய்ச் சாராய பாட்டிலைக் கொண்டுவந்தார். ஊற்றும்போது, "எங்களுடையதும்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. பிராஷ்கா குடிக்காமல் போனால் அழைப்பு செல்லாதாம். நீ உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தவன். "துணைக்கு வந்த ஆளு குடிச்சாலும் செல்லுமான்னு கேளுடா" என்றாய். செல்லும் என்றார்கள். அன்று ஒவ்வொரு கதவிலும் நீ செய்யுள் சொன்னாய், நான் குடித்தேன். மூன்றாவது கட்டிடத்துக்கு வரும்போது கூடையைத் தூக்கியது நீதான், என்னையும் சேர்த்து. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். முதல் வீட்டில் மறந்துபோய்ச் சொன்ன அந்த வரியை மற்ற வீடுகளில் நீ வேண்டுமென்றேதான் சொன்னாய். கடைசி அடியைச் சரியாகச் சொல்லி முடித்து, அதன் மேல் உன் வரியை வைத்தாய். திரும்பும்போது பஸ்ஸில், "எங்கூருக்கும் நோட்டீசு ஒட்டிட்டுத்தான் போனாங்க. ஒருத்தன் வூட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லல" என்றாய். அதைச் சொல்லும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

கல்யாண நாளன்று விளக்கேற்றும் நேரத்தில் கூடம் காலியாக இருந்தது. அதிகாரி மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார். ஹங்கா மேஜைத் துணிகளை நீவுவதும் மடிப்பதுமாக இருந்தார். நீ வாசலில் பனியில் நின்றாய். உள்ளே வா என்று கூப்பிட்டேன். "அழைச்சவன் வாசல்ல நிக்கணும்டா" என்றாய். உன்னைவிட எனக்குத்தான் பயம். வராமல் போனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம்.

முதலில் சைக்கிள்கள் வந்தன. பிறகு பஸ் வந்தது, ஏறக்குறைய அவர்களுக்காகவே வந்தது போல. குழந்தை குட்டியோடு, மருமகளோடு, பொட்டலம் பொட்டலமாகக் கேக்கோடு இறங்கினார்கள். கிழவிகள் பெட்டியடியிலிருந்த பழைய உடையை எடுத்து உடுத்தியிருந்தார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் அவரவர் நாற்காலியைத் தேடினார்கள். சவர நுரைக்காரர் முதுகு விரிசல் விட்ட ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து, அதைத் தடவிப் பார்த்து, உட்கார்ந்து, உடனே எழுந்து அதில் தன் மருமகளை உட்காரவைத்தார். அதன்பிறகுதான் சத்தம் கிளம்பியது. அப்பா, என்ன சத்தம்! அதிகாரிக்கு உட்கார இடமில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வீடு இருந்தது. பாவம், சுவரோரம் நின்றே முழு விழாவையும் பார்த்தார். போகும்போது, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஹங்காவிடம் சொன்னார்.

அந்த "அடுத்த வருஷ"த்தை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டதாக ஹங்கா நேற்று சொன்னார். எழுபதுகளில் இன்னும் சில கிராமங்கள் குழிக்குள் போயின. அந்த நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. கூடம் அப்படியே இருக்கிறது. கிடங்குக்கு வேறு இடம் கிடைத்ததாம்.

ஊர் திரும்பிய பிறகு நீ சும்மா இருக்கவில்லை என்பதை நான்தான் பார்த்தேன். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் என்று சிதறிக் கிடந்த உன் ஊர்க்காரர்களின் வாசலில் போய் நின்று அழைப்பாய். கூடுவதற்கு உங்களுக்குக் கூடம் கிடையாது, ஒரு புளியமரத்தடிதான். சில வருஷம் நிறையப் பேர் வந்தார்கள். சில வருஷம் நீயும் நானும் ஒரு பிளாஸ்க் டீயும்தான். "வரலன்னா என்னா? அழச்சமா இல்லையா?" என்பாய். உன் பேச்சில் கோபத்தைத் தேடிப் பார்த்திருக்கிறேன், இருந்ததில்லை. எனக்குத்தான் உன் ஊர்க்காரர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

முந்தாநாள் சாயங்காலம் ஹங்காவின் வாசலில் வந்து நின்றேன். வருஷத்துக்கொரு வாழ்த்து அட்டை என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. ஆனால் கதவைத் திறந்து என்னை ஒற்றையாகப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னேன். உட்கார்ந்தார். "தபாலில் போடாமல் வந்தாயே" என்றார். அவ்வளவுதான். அப்புறம் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தார்.

இன்று காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹங்காவுக்குக் காதில் விழவில்லை, நான்தான் திறந்தேன். கறுப்புக் கோட்டு, பூத்தொப்பி, ரிப்பன் கோல். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. இந்த ஊர்ப் பேக்கரியில் வேலை செய்கிறவளாம், இப்போது அவள்தான் பிராஷ்கா. சனிக்கிழமை பறவைக் கல்யாணம். ஹங்கா வந்து நின்றதும் கணீரென்று செய்யுளை ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் எனக்கே ஞாபகம் இருந்தது, நீ அத்தனை கத்தியிருக்கிறாய். கடைசி அடி முடிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவள் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"கந்தீசனா குதும்பத்தோத வந்துரனும்" என்றாள்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெர்மனில் கேட்டேன். "அது மிகப் பழைய வார்த்தை. அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அழைப்பு செல்லாது" என்றாள். ஹங்காவைத் திரும்பிப் பார்த்தேன். எண்பது தாண்டிய கிழவி, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டுகிறார். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை!

நானும் சொல்லவில்லை. அர்த்தம் தெரியாமலே வருகிறார்கள், அதைக் கெடுப்பானேன்? ஹங்கா பாட்டிலைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் தான் காரில் வந்திருப்பதாகத் தயங்கினாள். வேறு வழி? அவளுக்கும் சேர்த்து நான்தான் குடித்தேன். பழக்கப்பட்ட வேலைதானே.

உன் சேதியைச் சொல்லிவிட்டு நாளைக்கே திரும்புவதாக இருந்தேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமாகக் கோபமும் இந்த எண்ணெய் வாசனையும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது உன் வழக்கமும் என் கைக்கு வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று அழைத்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? அதுவும் ஒற்றையாகப் போக முடியுமா? குடும்பத்தோடு அழைத்தால் குடும்பத்தோடு போவதுதானே முறை. மகளுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைக்குள் இங்கே வந்து சேரச் சொன்னேன்.

"என்னப்பா திடீர்னு? யாரு இன்வைட் பண்ணாங்க?" என்றாள்.

"நெய்வேலிப் பெரியப்பா" என்றேன்.

"எந்த டிரெயின்ப்பா பிடிக்கணும்?" என்று கேட்டாள்.